கணிதப் பாடமும் தொடரமைப்பும்: மாட்டுங்கா லேபர் கேம்ப் மாணவர் நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தைத் தமிழில் தருவது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளன. கலைச்சொற் பட்டியல் நிறைவுற்றால் பாடநூல் மொழிபெயர்ப்பும் நிறைவுறும் என்னும் எண்ணமே இவற்றுக்கு அடிப்படை. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை, மும்பையில் தாராவியை ஒட்டியுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் தமிழ் மாணவரை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழகத்தில் தமிழ்வழி பயிலும் மாணவர்க்குப் பயிற்றுமொழி பள்ளியிறுதி வரை மாறாதிருக்கலாம். இம்மாணவர்க்கோ அது இடைவழியில் மாறுகிறது. ஆகவே, சொல்லால் விளையும் இடரையும் தொடரால் விளையும் இடரையும் பிரித்துக் காண இச்சூழல் இடந்தருகிறது.

2. பயிற்றுமொழிச் சூழல்

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்த குடும்பங்கள் தாராவி, லேபர் கேம்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்கின்றன. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. 1967இல் தொடங்கப்பட்ட மகாராட்டிரப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி தமிழிலும் பாடநூல்களை வெளியிட்டுள்ளது. எனினும் மாநகராட்சியின் தமிழ்வழிக் கல்வி நெடுங்காலம் பெரும்பாலும் தொடக்கநிலை வகுப்புகளோடு நின்றது. மேலே பயில விரும்பியவர் பெரும்பாலும் ஆங்கில வழிக்கு மாற நேர்ந்தது. அவர் குடியிருக்கும் நகரின் மொழியோ மராத்தி.

மாற்றம் நிகழும் கட்டம் கருதத்தக்கது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பால்பாரதி வெளியிட்ட ஒன்பது, பத்தாம் வகுப்பு நூல்களில் கணிதம் இயற்கணிதம், வடிவியல் என இரு பகுதிகளாக அமைந்தது. முன்னது, சொல்லால் அமைந்த கூற்றைக் குறியீடாக்கக் கோருகிறது. பின்னது, நிறுவலைத் தொடர்களாக எழுதக் கோருகிறது. எண்களைக் கூட்டிக் கழிக்கும் நிலை கடந்து, மொழியைக் கொண்டு கணிதம் செய்யும் நிலை தொடங்கும்போதே மாணவரின் மொழி கைமாறுகிறது.

3. சொல் நிலை

கலைச்சொற்கள் வேறுபடுவது இயல்பே. தமிழுக்குள்ளேயே தமிழகத்தார் கணம், அணி, மீச்சிறு பொது மடங்கு என்பனவற்றை ஈழத்தார் முறையே தொடை, தாயம், பொது மடங்குகளுட் சிறியது என வழங்குவர். பெயர் வேறாயினும் கருத்து ஒன்றாதலின் இவற்றைக் கற்றுக்கொள்வது அரிதன்று.

வடிவம் ஒத்துப் பொருள் விலகும் சொற்களே மிகுந்த கவனத்திற்குரியவை. பகா எண்ணை மராத்தியில் ‘மூள் சங்க்யா’ என்பர். ‘மூலம்’ என்றால் வர்க்கமூலம், சமன்பாட்டின் மூலம் என்று பயின்ற தமிழ் மாணவரை இது தடுமாறச் செய்யும். மராத்தியிலும் வர்க்கமூலம் ‘வர்க்மூள்’ ஆதலின் தடுமாற்றம் இரட்டிக்கிறது. தமிழின் ‘பகா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக நின்று, வகுபடாத் தன்மையைத் தன் வடிவிலேயே உணர்த்துகிறது. இவ்விடத்தில் தமிழ்ச்சொல்லின் சிறப்பு வெளிப்படை.

வடிவியல் நிறுவலில் தரப்பட்டதை மராத்தி ‘பக்ஷ’ என்றும், நிறுவ வேண்டியதை ‘ஸாத்ய’ என்றும் குறிக்கிறது. இவை இந்தியத் தருக்க மரபின் சொற்கள். மணிமேகலையின் தருக்கப் பகுதியிலும் இதே சொல் ‘பக்கம்’ என வழங்கியது. ஆனால் இன்றைய தமிழ் வடிவியலில் பக்கம் என்பது முக்கோணத்தின் பக்கமே. ஒரு காலத்தில் இரு மொழிகளுக்கும் பொதுவாக இருந்த சொல், பள்ளிக் கணிதத்தில் இருவேறு பொருள் கொண்டுவிட்டது. கலைச்சொல் அகராதிகள் சொல்லுக்குச் சொல் நிகர் தருகின்றனவே அன்றி, இத்தகைய போலி ஒப்புமைகளைச் சுட்டி எச்சரிப்பதில்லை.

4. தொடர் நிலை

மேற்கூறிய இடர்களைப் பயிற்சியால் கடக்கலாம். தொடரால் வரும் இடரோ கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கிறது. ‘ஓர் எண்ணின் இருமடங்கைவிட 5 குறைவு’ என்னும் கூற்றைக் கேட்ட வரிசையிலேயே எழுதினால் 2x - 5 எனச் சரியாக அமையும். இதனை மராத்தி ‘ஏகா சங்க்யேச்யா துப்படீபேக்ஷா பாச்னே கமீ’ எனும். ‘விட’ நிற்குமிடத்தில் ‘பேக்ஷா’ நிற்கிறது; வரிசை மாறவில்லை. ஆங்கிலமோ ‘ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்’ என ஐந்தை முன்வைக்கிறது. கேட்ட வரிசையில் எழுதும் மாணவர் 5 - 2x என எழுதுவார், விடை பிழையாகும். இப்பிழை கணிதம் அறியாமையால் வந்ததன்று. தாய்மொழியில் பலித்த நெறியைப் புதுமொழியிலும் பின்பற்றியதால் வந்தது.

வேற்றுமை உருபுகளும் இதனையே காட்டுகின்றன. ‘6ஐ 2ஆல் வகு’ என்பதில் வகுபடுவதையும் வகுப்பதையும் உருபுகள் பிரித்துக் காட்டுவதால், ‘2ஆல் 6ஐ வகு’ என மாற்றினும் பொருள் சிதையாது. மராத்தியின் ‘லா’, ‘நே’ உருபுகள் இப்பணியைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் ‘பை’, ‘இன்டூ’ என்னும் சிறு சொற்களையும் அவை நிற்கும் இடத்தையும் கொண்டே பொருள் துணியப்படுகிறது.

எல்லாக் கூறுகளிலும் தமிழும் மராத்தியும் ஒன்றுபடுகின்றன என்பதன்று. பின்னத்தை ‘மூன்றில் இரண்டு’ எனப் பகுதியை முன்வைத்துத் தமிழ் சொல்ல, மராத்தியும் ஆங்கிலமும் தொகுதியை முன்வைக்கின்றன. இருபத்தொன்றை மராத்தி ‘ஏக்வீஸ்’ என ஒன்றை முன்வைத்துக் கூறும்; தமிழும் ஆங்கிலமும் இருபதை முன்வைக்கும். 2019இல் பால்பாரதியின் இரண்டாம் வகுப்புக் கணித நூல் ‘வீஸ் ஏக்’ என்னும் முறையையும் அறிமுகப்படுத்தியபோது மராத்தியரிடையே கடும் விவாதம் எழுந்தது. எண்ணுப்பெயரின் உள்ளமைப்பும் கணிதக் கற்றலைத் தொடுவது என ஒரு பாடநூல் நிறுவனம் ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று. அந்த அக்கறை உயர்நிலை வகுப்புத் தொடர்களுக்கும் நீளவேண்டும்.

5. கலப்புமொழியின் படிப்பினை

இத்தகைய மாணவர்க்கான மாலைநேர டியூஷன்களில் வழங்கும் மொழியை இப்படி எடுத்துக்காட்டலாம்: ‘இந்த ரெண்டு லைனும் பேரலல்லா இருக்கறதால இந்த ஆங்கிளும் அந்த ஆங்கிளும் ஈக்வல்.’ தூய்மை நோக்கினர் இதனைச் சிதைவு என்பர். ஆனால் இங்குப் பெயர்கள் மட்டுமே ஆங்கிலம். காரணத்தைக் காரியத்தோடு இணைக்கும் ‘ஆல்’ தமிழ். தேர்வுக்குரிய சொற்களைத் தந்துகொண்டே, மாணவர் சிந்திக்கும் தொடரைக் காத்துநிற்கிறது இம்மொழி. கலைச்சொற் குழுக்கள் பெயரைக் காத்துத் தொடரைக் கைவிட, டியூஷன் ஆசிரியர் பெயரை விட்டுக்கொடுத்துத் தொடரைக் காக்கிறார். இரண்டில் எது கணிதத்திற்கு நெருக்கமானது என்பது மொழியியலார் எண்ணத்தக்கது.

இக்கலப்புமொழிக்கு ஓர் எல்லையும் உண்டு. தேர்வில் நிறுவலை முழுத்தொடராக எழுத வேண்டியபோது, மாணவரிடம் பெயர்கள் இருக்கும். அவற்றை இணைக்கும் ஆங்கிலத் தொடர் இராது.

6. முடிவுரை

இதில் மாணவர் இழப்பது சில மதிப்பெண்கள் மட்டுமன்று. 5 - 2x என எழுதியவர் ‘கணக்கு வராதவர்’ எனக் கணிக்கப்படுகிறார். நடுவண் வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் 2020 முதல் தரநிலைக் கணிதம், அடிப்படைக் கணிதம் என இரு நிலைகள் வந்தன. மகாராட்டிர வாரியமும் எளிய பொதுக் கணிதப் பாடம் ஒன்றைச் சில காலம் வழங்கிப் பின்னர் கைவிட்டது. எளிய பாடம் தவறன்று. ஆயின் மொழியிடரைத் திறன்குறைவாகக் கொண்டு ஒருவரை எளிய பாடத்திற்கு அனுப்பினால், பொறியியல் முதலான துறைகளின் கதவு அவருக்குப் பதினைந்தாம் வயதிலேயே அடைபடக்கூடும்.

எனவே மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாடநூலின் இறுதியில் சேர்க்கும் சொற்பட்டியலோடு, ‘விடக் குறைவு’, ‘ஆல் வகு’, ‘எனில்’, ‘எனில் மட்டுமே’, ‘ஆதலால்’ போன்ற உறவுத்தொடர்களை மும்மொழியிலும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு வடிவையும் தருதல் வேண்டும். இத்தகைய தொடர்கள் சிலவே. அவற்றைத் தொகுப்பது பெரும்பணியன்று. சொல்லை மட்டும் பெயர்த்து நின்றால், மொழி மாறிப் படிக்க நேர்ந்த மாணவர்க்கு நம் மொழிபெயர்ப்பு பாதி வழித்துணையே ஆகும்.