பகடையும் பாத்திரமும்: கற்பனை வேட விளையாட்டைக் குறித்த ஓர் இறையியல் திறனாய்வு

திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலின் தலக்கதை ஒரு பகடையாட்டத்தில் தொடங்குகிறது. இறைவனும் இறைவியும் சொக்கட்டான் ஆடினர். தோற்ற இறைவன் தாமே வென்றதாகச் சாதித்தார். சினங்கொண்ட இறைவி அவர் கண்களைப் பொத்தவே உலகெங்கும் இருள் சூழ்ந்தது. அக்குற்றம் நீங்க அவள் மண்ணுலகில் தவமிருந்து, பாதிரி மரங்கள் செறிந்த இவ்வூரில் இறைவனை மீண்டும் அடைந்தாள் என்பர். இக்கதையின் சமயக் கருத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. விளையாட்டில் நிகழ்வது விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்னும் உணர்வு இம்மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துக்கொள்வோம். நம் சபைகளிலுள்ள இளைஞர் சிலர் இன்று மேசையைச் சுற்றி அமர்ந்தும் கணினித் திரையின் வழியாகவும் ஆடிவரும் கற்பனை வேட விளையாட்டை மதிப்பிட முற்படுவோர்க்கு அவ்வுணர்வு தேவைப்படும்.

1. விளையாட்டின் அமைப்பு

1974-ஆம் ஆண்டில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. 'நிலவறைகளும் வலுசர்ப்பங்களும்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். வெளிப்படுத்தின விசேஷத்தை வாசித்தவர்க்குப் பின்னைய சொல் புதிதன்று. சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து இது பிறந்தது. படைகளை நடத்தியவன் இப்போது ஒரே ஒரு மனிதனாக வேடம் ஏற்றான். இதுவே அதன் புதுமை.

ஒருவர் கதையை நடத்துநராகவும் நடுவராகவும் அமர்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன், குரு எனத் தமக்கென ஒவ்வொரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்வர். நடத்துநர் சூழ்நிலையை விவரிப்பார். தம் பாத்திரம் செய்வது இன்னது என்று ஆடுவோர் உரைப்பர். முடிவு ஐயத்துக்குரியதாயின் இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்ப்பளிக்கும். எவரும் எவரையும் வெல்வதில்லை. குழுவாகவே பிழைப்பர், குழுவாகவே அழிவர்.

2. கூத்தும் பரமபதமும்

நம் நாட்டில் இதற்கு இணையானவை இல்லையோ எனின், இரண்டு உண்டு. கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடப்படுகிறது. திரைக்குப் பின்னிருந்து வரும் வேடத்தைக் கட்டியங்காரன் யாரென வினவ, அவ்வேடம் தன்னை அறிவித்துக்கொள்ளும். கதைக்கும் காண்போர்க்கும் இடையே நிற்கும் கட்டியங்காரனை மேசை விளையாட்டின் நடத்துநருக்கு முன்னோன் எனலாம். ஆயினும், கூத்தில் முடிவு முன்னரே வகுக்கப்பட்டது. கர்ணன் வேடம் கட்டியவன் எத்துணை விரும்பினும் பாண்டவர் பக்கம் சேர்ந்துவிட முடியாது.

மற்றொன்று, வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்படும் பரமபத சோபனப் படம். ஏணி அறத்தால் உயர்த்தும். பாம்பு மறத்தால் வீழ்த்தும். ஆனால், அறத்தைத் தேர்ந்துகொண்டவர் எவருமில்லை. தாயக்கட்டை உருண்டது, காய் நகர்ந்தது, அவ்வளவே.

கூத்தில் வேடம் உண்டு, விடுதலை இல்லை. பரமபதத்தில் பகடை உண்டு, பாத்திரம் இல்லை. 1974-இல் தோன்றிய விளையாட்டோ வேடத்தையும் பகடையையும் சேர்த்து, இரண்டுக்கும் இடையே மனிதனின் தெரிவை வைத்தது. முன்குறித்தலையும் மனித சுயாதீனத்தையும் வகுப்பறையில் விவாதிக்கும் இறையியல் மாணவர்க்கு இவ்வமைப்பு தன்னளவிலேயே கருத்தூன்றத் தக்கது.

3. பொருந்தாத கண்டனம்

அமெரிக்கத் திருச்சபைகளில் பல இவ்விளையாட்டைக் கண்டு அஞ்சின. தன் மகனைத் தற்கொலையில் இழந்த பட்ரீசியா புல்லிங் என்னும் தாய், அச்சாவுக்கு இவ்விளையாட்டே காரணம் என்று நம்பி, 1983-இல் எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 1984-இல் ஜாக் சிக் என்பார் வெளியிட்ட சித்திரத் துண்டுப்பிரதி, இதனை ஆடுவோர் மெய்யான பில்லிசூனியத்துக்கு அழைத்துச் செல்லப்படுவர் என்று கூறிற்று. 1990-இல் மைக்கேல் ஸ்டாக்போல் அக்குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, அவை ஆதாரத்தில் நிலைபெறா எனக் காட்டினார். அவரும் விளையாட்டு இயற்றுபவரே எனினும் அவர் முன்வைத்த வாதங்கள் தக்கவாறு மறுக்கப்படவில்லை. தாயின் துயரத்தை எவரும் இகழலாகாது. ஆனால் துயரம் சான்றாகிவிடாது.

பேயும் மந்திரமும் இடம்பெறுவதாலேயே ஒரு படைப்பு பேய்த்தன்மை உடையதாகுமாயின், பனியனின் 'மோட்சப் பிரயாணம்' தப்பாது. அதனைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிக'மும் தப்பாது. தீமைக்கு உருவம் கொடுத்து அதனோடு போராட வைப்பது கிறிஸ்தவ இலக்கியத்தின் பழைய மரபாகும். ஆகவே, 'இதில் பிசாசு உண்டா?' என்னும் வினாவைவிட, 'இதில் தீமை எவ்வாறு விளக்கப்படுகிறது?' என்பதே தக்க வினாவாம்.

4. தக்க கண்டனங்கள்

அவ்வினாவை எழுப்பும்போதுதான் இவ்விளையாட்டின் மெய்யான குறைகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் மூன்றைச் சுட்டுவோம்.

முதலாவது, பிறப்பும் குணமும் பற்றியது. இதில் ஒவ்வோர் உயிருக்கும் ஒழுக்கச் சார்பு ஒன்று குறிக்கப்படும். ஓர்க் போன்ற சில இனத்தார் பிறப்பிலேயே தீயோர் என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. தீயோராய்ப் பிறந்தமையால் அவர்களைக் கொல்வதில் குற்றமில்லை என்றாயிற்று. ஓர்க்குகளைத் தம் கதைகளில் படைத்த டோல்கீனே, மீட்புக்கு இடமின்றி ஓரினம் முழுதும் தீயதாய் இருத்தல் தம் விசுவாசத்தோடு பொருந்துமோ என்று பிற்காலத்தில் கலங்கினார். 2020-இல் இவ்விளையாட்டின் வெளியீட்டாளர் இக்குறையை ஒப்புக்கொண்டு திருத்தத் தொடங்கினர். 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'இனம்' என்னும் சொல் நீக்கப்பட்டது. பிறப்பால் வந்த ஆற்றல் மிகுதி, பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணிக்கு உரியதாக்கப்பட்டது.

இது மேலைநாட்டார்க்கு மட்டுமே உரிய சிக்கல் என்று தமிழ் வாசகர் எண்ணலாகாது. பிறப்பால் குணத்தை அளக்கும் பழக்கத்தை நாம் எந்த விளையாட்டிலிருந்தும் கற்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் நுழையத் தடுக்கப்பட்டதால் எழுந்த பூசலில் திரௌபதியம்மன் கோயிலே முத்திரையிடப்பட்டது. நாம் அவ்வூரைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது; தமிழகத்தில் கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் சாதி எல்லை உண்டு. ஒரு விளையாட்டு நிறுவனம் தன் விதிநூலைத் திருத்திக்கொண்டது. சபையின் எழுதப்படாத விதிநூலைத் திருத்துவோர் யார்?

இரண்டாவது, வளர்ச்சி பற்றியது. தொடக்க விதிகளின்படி, பாத்திரத்தின் அனுபவம் பெரும்பாலும் அது கவர்ந்த பொன்னைக் கொண்டே அளக்கப்பட்டது. பகைவரைக் கொன்றமைக்கும் புள்ளிகள் உண்டு. புள்ளி பெருகப் படி உயரும். படி உயர ஆற்றல் பெருகும். பலவீனத்தில் பலன் கண்ட பவுலடிகளுக்கு (2 கொரி. 12:9-10) இக்கணக்கில் இடமில்லை.

மூன்றாவது, மரணம் பற்றியது. இன்று பரவலாக ஆடப்படும் ஐந்தாம் பதிப்பில், மாண்டவனை எழுப்பும் மந்திரம் ஒன்றுக்கு 500 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும். பொருளுள்ளவன் எழுவான், இல்லாதவன் கிடப்பான். ஆவியின் வரத்தைப் பணத்தால் பெற நினைத்த மாயவித்தைக்காரன் சீமோன் (அப். 8:18-20) இவ்விதியைக் கண்டு மகிழ்ந்திருப்பான்.

இக்குறைகளைக் களையக் கிறிஸ்தவர் செய்த முயற்சியும் உண்டு. 1984-இல் வெளிவந்த 'டிராகன்ரெய்டு' என்னும் விளையாட்டில், ஆடுவோர் திருமறை வசனங்களை மனப்பாடமாக உரைத்து இடர்களை வெல்லவேண்டும். நோக்கம் நன்று, விளைவோ வேறு. வசனம் அங்கு மந்திரமாகிவிடுகிறது. மந்திரத்தை விலக்க எண்ணியோர் திருமறையையே மந்திர நூலாக்கியது வருந்தத்தக்கது.

5. இயந்திரம் நடுவரானபோது

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர், பலர் ஒரே வேளையில் ஆடத்தக்க கற்பனை உலகைக் கணினியில் அமைத்தனர். 2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்' அவ்வகையைப் பெருந்திரளானோரிடம் கொண்டுசென்றது. இங்கு நிகழ்ந்த மாற்றம் பெரிது. மேசையில் நடத்துநர் ஒரு மனிதர். அவரிடம் வாதாடலாம், விதி கொடிதாகும்போது அவர் அதனைத் தளர்த்தவும் கூடும். பகைவனிடம் பேசிச் சமாதானம் செய்ய விரும்புகிறேன் என்று ஒருவன் சொன்னால், விதிநூல் எதிர்பாராத அவ்வழியையும் அவர் திறக்க இயலும். இயந்திர நடுவர்க்கோ எழுதப்பட்ட விதி மட்டுமே உண்டு. அங்கு, முன்கூட்டி எழுதப்படாத இரக்கம் நிகழாது. நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் குறித்துப் பிரசங்கிப்போர்க்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது.

மேலும், உள்ளே யாதுள்ளது என்றறியாமல் பணங்கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் இணைய விளையாட்டுகள் பலவற்றில் புகுந்துள்ளன. 2018-இல் பெல்ஜியம் இவற்றைச் சூதாட்டமெனக் கொண்டது. மேசைப் பகடைக்கும் இப்பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர்க்கு விளக்குவது ஆயரின் கடமையாகும்.

6. திருமறை காட்டும் வழி

எசேக்கியேல் ஒரு செங்கல்லை எடுத்து, அதில் எருசலேமை வரைந்து, அதற்கு எதிராகக் கொத்தளம் எழுப்பி, முற்றுகையிடுமாறு கட்டளை பெற்றான் (எசேக். 4:1-3). சிற்றுருவ நகரும் சிற்றுருவப் போரும் அங்கு இறைவாக்காயின. நாத்தான் தாவீதை ஒரு கற்பனை வழக்குக்குள் அழைத்துச் சென்றான், அக்கதைக்குள் நடுவனாய் நின்று தாவீது உரைத்த தீர்ப்பு அவன்மீதே திரும்பியது (2 சாமு. 12:1-7). கற்பனைக்குள் ஒருவன் செய்யும் தெரிவு அவனுடைய மெய்யான உள்ளத்தை வெளிப்படுத்தக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுபதுகளில் ஹார்வி காக்ஸ், மோல்ட்மன் முதலியோரின் எழுத்துகளால் விளையாட்டின் இறையியல் பேசப்பட்டது. பயன் கருதாத மகிழ்ச்சியை அவர்கள் மீட்டுத் தந்தனர். ஆனால், விளையாட்டில் வெளிப்படும் பொறுப்பைக் குறித்து நாத்தானின் கதை நமக்கு இன்னும் மிகுதியாகக் கற்பிக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்த இளைஞன் கற்பனைச் சிற்றூரைக் கொள்ளையிடத் துணிந்தால், அல்லது காயம்பட்ட பகைவனுக்குத் தண்ணீர் கொடுத்தால், அவனோடு பேசுவதற்கு நமக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. தடைவிதித்தால் அவ்வாயிலை நாமே அடைத்தவராவோம்.

ஆகவே, தம் சபையில் இவ்விளையாட்டு நடைபெறுவதைக் கேள்விப்படும் போதகர், பிரசங்கபீடம் ஏறுமுன் ஒருமுறை அம்மேசையருகே அமர்ந்து கேட்பாராக. பின்னர், அவ்விளைஞரிடம் மூன்று வினாக்களை வைப்பாராக: உங்கள் கதையில் பிறப்பாலேயே தீயோர் எவரேனும் உளரா? கொல்லாமலும் கவராமலும் ஒருவன் வளர வழியுண்டா? எளியவனுக்காக எவரேனும் இழப்பை ஏற்கிறாரா? இவற்றுக்கு விடைதேடும் குழுவில், வேதபாட வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் வாய்திறந்து வாதிடுவதை அவர் காணக்கூடும். அவ்வினாக்களுள் முதலாவதை அவர்கள் சபையை நோக்கித் திருப்பிக் கேட்கவும் கூடும். அதற்கும் அவர் ஆயத்தமாய்ச் செல்வது நலம்.