தூண்டில் குளத்தின் கணக்கு

அமெரிக்காவின் அலபாமா பண்ணைக் குளங்களில் என்னைக் கவர்வது, மீனை மீனே அளவோடு வைத்திருக்கும் அழகு. புளூகில் என்ற மீன் கோடை முழுக்க முட்டையிடும். விட்டால் குளம் நெரிந்து, தீனி போதாமல், உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பில் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். அந்தப் பொடிகளைத் தின்று குறைப்பது பாஸ் மீன். அலபாமாவின் ஆபர்னில் ஆய்வு செய்த ஹோமர் ஸ்விங்கிள் இந்தச் சமநிலையை 1950இல் விரிவாக எழுதினார். அதைச் சோதிப்பது எத்தனை எளிது! கோடையில் கரையோரம் சிறு வலையை இழுத்தால் போதும். புளூகில் குஞ்சோடு பாஸ் குஞ்சும் துள்ளினால் குளம் நலம். நடுத்தர அளவு புளூகிலே குவிந்தால் பாஸ் குறைவு. அதற்காக, பிடித்த பாஸை எல்லாம் இரக்கப்பட்டுத் திரும்ப விடுவதும் தவறுதான். பாஸ் மிகுந்து மெலிந்த குளத்தில் சிறியவற்றைப் பிடித்து வறுத்துச் சாப்பிடுவதே சரியான பராமரிப்பு.