அம்மாவுக்குக் கட்டில் எங்கே?

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை இருக்கிறது. தவழ்ந்துதான் நுழையணும், தவழ்ந்துதான் வெளியே வரணும். போய் வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். இருட்டு, நெருக்கம், உடம்பில் உரசும் சுவர், கடைசியில் வெளிச்சம். பிறப்பைக் கட்டடமாக யோசித்துப் பார்த்த ஊர் இது.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டு மருமகள். அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. சேர்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் செருப்பு கழற்ற, கை கழுவ, நர்ஸ் எழுத, மானிட்டர் வைக்க என்று எல்லாத்துக்கும் இடம் இருந்தது. அக்கா உட்கார மட்டும் இல்லை. சிசேரியன் தையலோடு வராண்டாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பால் பிழிந்து கொடுக்க மட்டும் கூப்பிடுவார்கள். "நான் உள்ள போனா கிருமி வந்துடும்னு சொல்றாங்கடா" என்றாள்.

இந்த வடிவமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1880 வாக்கில் பாரிஸ் மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் இன்குபேட்டரை யோசித்தார். அமெரிக்காவின் கோனி ஐலண்டில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார். அந்தக் காசில்தான் சிகிச்சை நடந்தது. நிறைய குழந்தைகள் பிழைத்தன. ஆனால் குழந்தை என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம் என்ற ஏற்பாடு நமக்கும் பழகிவிட்டது.

கிருமி பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அம்மாவைப் பிரிப்பதுதான் மருந்தா? 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், குழந்தையை அம்மா நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கங்காரு பராமரிப்பு அப்படி வந்ததுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்க, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அம்மாவுக்கும் கட்டில் போட்டார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. முதல் 28 நாளில் நிகழும் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12.0 ஆகக் குறைந்தது. ரத்தத்தில் தொற்று என்ற சந்தேகம்கூட அம்மா கூட இருந்த குழந்தைகளிடம்தான் குறைவு. அப்படியென்றால் கட்டிலும் சிகிச்சைக் கருவிதான்.

"இடம் எங்க சார் இருக்கு?" என்று கேட்பார்கள். நெரிசல் நிஜம், நர்ஸுகள் போதாததும் நிஜம். மேல்நாட்டு மாதிரி குடும்பத்துக்கு ஒரு தனியறை நான் கேட்கவில்லை. அக்கா வீட்டில் கூடத்தை முழுக்கத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியும் தூளி கட்ட உத்தரத்தில் ஓர் இடம் கண்டுபிடித்தார்கள், தறியில் உட்கார்ந்தபடியே கை நீட்டி ஆட்டுகிற தூரத்தில்.

புதிய வார்டு திறப்பு விழாச் செய்திகளில் எத்தனை வார்மர், எத்தனை வென்டிலேட்டர் என்று போடுகிறார்கள். அவையும் வேண்டும். அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால், அம்மாவுக்கு எத்தனை கட்டில் என்றும் தேடிப் பாருங்கள்.