கருங்கல்லுக்குப் பூசும் மருந்து

சிதைவுறும் கற்கட்டடங்களுக்கு உறுதியூட்டும் இரசாயனங்களைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கையில், அவை நம்மவர் கோயில்களை மனத்திற் கொண்டு எழுந்தவையல்ல என்ற எண்ணம் தோன்றாமற் போகாது. இவ்விரசாயனங்களுட் பெரிதும் பேசப்படுவது எதைல் சிலிக்கேற்று. திரவமாகக் கல்லினுட் சென்று, ஈரத்தோடு தாக்கமுற்று, சில வாரங்களிற் சிலிக்காவாக இறுகி, பிரிந்த மணிகளைப் பிணைப்பது அதன் தொழில். மணற்கல்லில் இது நன்கு பற்றும். சுண்ணாம்புக் கல்லிற் பற்றுக் குறைவு. கருங்கல்லிலோ, அது உட்செல்ல வழியுண்டா என்பதே முதல் வினா.

ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே அடையக்கூடிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை நினைவிற் கொள்வோம். பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த கோயிலை அவர்தம் மைந்தர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முற்றுங் கருங்கற்றளியாக்கினார். 1912இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. புதிதாய் வெட்டிய கருங்கல்லில் நுண்டுளைகள் நூற்றிலொரு பங்கு அளவே இருக்கும். காலத்தால் நைந்த கல்லில் வெடிப்புகள் பெருகி அவ்வளவு கூடும். எனவே புதுக்கல்லை வெட்டி ஆய்வுகூடத்திற் சோதித்துப் பெற்ற எண்கள் நைந்த தூணுக்குப் பொருந்தா. மருந்து மேற்பரப்பிலேயே தங்கிவிடின் கடினமானதோர் ஓடு உண்டாகும். அதன் பின்னே உப்பும் ஈரமும் சிறைப்படின், ஓடு கழலும் நாளில் சிற்பத்தின் முகமும் உடன் கழலும். துறைமுகக் காற்று வீசும் இடத்தில் உப்பை நீக்கும் பேச்சே முன்வர வேண்டும். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலிற் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சியெடுத்தமை இங்கு நோக்கற்பாலது.

அவசரத்தின் விளைவுக்கு அங்கோர் வாட் சான்று. 1986 முதல் 1993 வரை அங்கு பணியாற்றிய இந்தியத் தொல்லியல் துறையினர் அம்மோனியாக் கரைசலாற் கழுவிப் பிசின் பூசியமை பின்னர் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. (உள்நாட்டுப் போர் ஓயாத வேளையில் அங்கு செல்லத் துணிந்தவர் அவர்களே என்பதையும் கண்டித்தோர் சொல்லியிருக்கலாம்.) 1995இல் தொடங்கிய ஜேர்மன் திட்டத்தினரோ அவ்விடத்துக் கல்லின் இயல்பையும் சிதைவையும் ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தெரிந்தனர்.

நமது கோயிற் கல்லுக்கு இன்னுமொரு தனித்தன்மை உண்டு. எண்ணெயும் நெய்யும் பாலும் கற்பூரப் புகையும் நாள்தோறும் அதிற் படிகின்றன. எண்ணெய் ஊறிய கல்லில் மருந்து புகுவது அரிது. வழிபாடு நிகழும் கல்லை அருங்காட்சியகக் கல்லாகக் கருதி வகுத்த சோதனைகள், திருத்தப்படாமல் இங்கு செல்லா.

உதிர்ந்துகொண்டிருக்கும் சிற்பம் காத்திராது என்பது மெய்யே. அதற்கு உடன் மருத்துவம் வேண்டும். ஏனையவற்றிற்கு அவசரமில்லை. குடமுழுக்கு பன்னீராண்டுக்கு ஒருமுறை என்பது மரபு. கண்ணிற் படாத மூலையொன்றிற் சாணளவு இடத்தில் மருந்தைப் பூசி, அருகே பூசாத சாணொன்றையும் விட்டு, அடுத்த குடமுழுக்குவரை இரண்டையும் ஒப்புநோக்கலாம். திருப்பணிச் சபையினர் கூரைக்கும் வர்ணத்துக்கும் கணக்கு எழுதும் ஏட்டில் இதற்கும் இரு பக்கங்களை ஒதுக்கினாற் போதும்.