நீள்வாரும் குளிர்ந்த தடமும்: நடு ஐரோப்பிய மோப்ப நாய் மரபின் பயிற்சிமுறைகளும் தரங்களும்

வேட்டை நாய்களைக் கண்ணால் துரத்துபவை, மூக்கால் தேடுபவை என இரு பெரும் வகையாகப் பிரிப்பது வழக்கம். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறையும் கன்னியும் முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகைக்குள்ளும், கூட்டமாகக் குரைத்தபடி விலங்கை விரட்டும் நாய்கள் வேறு. நீண்ட தோல்வாரில் பிணைக்கப்பட்டு, பல மணி நேரத்துக்கு முன் கடந்துபோன ஒரே ஒரு விலங்கின் தடத்தை ஓசையின்றிப் பின்பற்றும் நாய்கள் வேறு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செம்மையடைந்த இப்பின்னைய மரபின் நாய்களுக்கு ‘ஷ்வைஸ்ஹுண்ட்’, அதாவது குருதித்தட நாய், என்று பெயர். குண்டு பட்டும் விழாமல் காட்டுக்குள் மறைந்த மானையோ காட்டுப்பன்றியையோ கண்டடைந்து, அதன் வேதனையை நீடிக்க விடாமல் முடித்துவைக்க வேட்டைக்காரருக்கு உதவுவதே இந்நாயின் பணி. ஆதலால் இங்கே வேகமும் மூர்க்கமும் இரண்டாம் இடத்துக்கே உரியவை. தொடங்கிய தடத்தை விட்டு, குறுக்கே கிடக்கும் புதிய, மணம் மிகுந்த தடத்துக்கு மாறிவிடாத தடப்பற்றுதான் முதல் தரம். பயிற்சிமுறைகள் பல இருப்பினும், அப்பற்றை எந்த அளவுக்கு ஊன்றச் செய்கின்றன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும்.

இம்மரபின் வேர் மிகப் பழையது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவேரியர் சட்டத் தொகுப்பிலேயே வாரில் நடத்தப்படும் வழிகாட்டி நாய் தனி வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது. பிரான்சில் காஸ்தோன் ஃபெபுஸ் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வேட்டை நூல், விடியலில் வார்நாயுடன் காட்டுக்குள் சென்று கலைமான் ஒதுங்கியிருக்கும் புதரைக் கண்டறிந்து வரும் பணியை விரிவாக விளக்குகிறது. அரசவை வேட்டைகளில் வார்நாயின் வேலை அந்த அளவில் நின்றது; அதன்பின் விரட்டும் பொறுப்பு நாய்க்கூட்டத்துடையது. துப்பாக்கி மேம்பட்டு, குதிரைமேல் ஏறித் துரத்தும் ஆடம்பர வேட்டை மறைந்தபோது இவ்வரிசை தலைகீழாயிற்று. சுடுவதற்கு முன் மானைத் தேடித்தர நாய் தேவைப்படவில்லை. சுட்ட பிறகு தப்பிய மானைத் தேடத்தான் அது தேவைப்பட்டது. ஹனோவர் அரசின் வேட்டைப் பணியகமான ‘யேகர்ஹோஃப்’ பழைய வழிகாட்டி நாயை இப்புதிய பணிக்குத் திருப்பி, அதற்கென ஒரு பயிற்சி ஒழுங்கையும் வகுத்தது. 1866இல் பிரஷ்யா ஹனோவரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபின் அப்பணியகம் கலைந்தது. ஆனால் அதன் முறை மறையவில்லை. 1894இல் தொடங்கப்பட்ட ‘ஹிர்ஷ்மன் சங்கம்’ ஹனோவர் இன நாயையும் அதன் பயிற்சிமுறையையும் இன்றளவும் பேணி வருகிறது.

முறைகளின் வேறுபாடு விளங்க வேண்டுமானால், தடத்தின் மணம் எவற்றால் ஆனது என்பதை முதலில் அறிய வேண்டும். குருதித்தட நாய் என்னும் பெயரைக் கேட்பவர் நாய் குருதித் துளிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து செல்வதாக எண்ணுவர். உண்மையில் குடலிலோ காலிலோ குண்டு பட்ட விலங்கு பல நூறு மீட்டருக்கு ஒரு துளி குருதியும் சிந்தாமல் போவதுண்டு. குளம்பு அழுத்திக் கிளறிய மண், நசுங்கிய புல், பாசி ஆகியவற்றிலிருந்து எழும் வாடையோடு, விலங்கின் உடலிலிருந்து உதிரும் நுண்துகள்களின் மணமும், ரோ மான் போன்றவற்றில் குளம்பிடைச் சுரப்பியின் கசிவும் கலந்து தனி விலங்குக்குரிய மணமாகின்றன. ஈரமும் பனியும் அதைக் காக்கும். வறண்ட வெயிலும் காற்றும் விரைவில் சிதைக்கும். எனவே குருதி என்பது தடத்தின் ஒரு கூறு மட்டுமே.

யேகர்ஹோஃப் முறை இவ்வுண்மையின்மேல் கட்டப்பட்டது. அதில் இளம் நாய்க்குக் குருதியே காட்டப்படுவதில்லை. காயமற்ற செம்மான் ஒன்று குறிப்பிட்ட இடத்தைக் கடப்பதைப் பயிற்றுநர் தம் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் காத்திருந்து, தடம் குளிர்ந்தபின் நாயை அங்கே கொண்டுவருகிறார். மான் சென்ற வழி அவருக்குத் தெரியும். ஈரமண்ணில் பதிந்த குளம்புச் சுவடு அதை அவ்வப்போது உறுதி செய்கிறது. நாய் வேறு தடத்துக்குத் தாவினால் வாரை நிறுத்திப் பிடித்து, அது தானாகவே திரும்பி வந்து பழைய தடத்தை எடுக்கும்வரை பொறுத்திருக்கிறார். பயிற்சி முடியும் இடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு: நாயை வாரால் இழுத்து அப்புறப்படுத்தாமல், தட்டிக்கொடுத்துப் பாராட்டிக் கையில் தூக்கித் தடத்திலிருந்து எடுத்துச் செல்கிறார். தடம் நாய்க்கு எக்காலத்தும் தண்டனைக்குரியதாகத் தோன்றக் கூடாது என்னும் நுட்பமான அறிவு இச்செயலில் உள்ளது.

மான் அடர்ந்த காடும் நிறைந்த ஓய்வும் இல்லாதவருக்கு இம்முறை எட்டாதது. அதனால் பரவியது செயற்கைத் தட முறை. இதில் மான் அல்லது பன்றியின் குருதியைக் குச்சி நுனியில் கட்டிய சிறு பஞ்சால் ஒற்றியோ, புட்டியிலிருந்து துளித்துளியாகத் தெளித்தோ தடம் இட்டு, பல மணி நேரம் ஊறவிட்டு, முடிவில் ஒரு விலங்கின் தோலையோ உடலையோ வைப்பர். குட்டிப் பருவத்தில் இரைப்பையை அல்லது நுரையீரலை இழுத்துச் சென்று, முடிவில் உணவு வைப்பதே தொடக்கப் பாடம். நாய் குருதிக்கு அடிமையாகிக் குளம்பு மணத்தைப் புறக்கணிக்கும் குறை இம்முறையில் வரக்கூடும் என்பதால், அடிப்பகுதியில் உண்மையான குளம்புகள் பொருத்தப்பட்ட தடக்காலணியை அணிந்து நடந்து தடம் இடும் வழி பின்னர் சேர்ந்தது. அதில் குருதி மிகக் குறைவாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கலாம். குருதித் தடம் எளிது, தொடக்கத்துக்குப் பயன்படுவது என்பதை மறுக்க முடியாது. எனினும் அதிலேயே நின்றுவிட்ட நாய் குருதியற்ற காட்டில் திகைத்து நிற்கும். தடக்காலணி அக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. ஆனால் காயமற்ற மானின் குளிர்ந்த தடத்தில் வளர்ந்த நாயின் உறுதியை எந்தச் செயற்கைத் தடமும் முழுமையாகத் தருவதில்லை.

களத்தில் நாயின் வேலை சுடப்பட்ட இடத்தில் தொடங்குகிறது. அங்கே வெட்டுண்ட மயிர், எலும்புச் சிதறல், குருதியின் நிறம் ஆகியவற்றைப் பயிற்றுநர் படிக்கிறார்: நுரை கலந்த வெளிர்சிவப்பு நுரையீரலையும், கருஞ்சிவப்பு கல்லீரலையும், பசுமை கலந்த கலங்கல் இரைப்பையையும் குறிக்கும். வயிற்றில் பட்ட விலங்கை உடனே பின்தொடர்ந்தால் அது எழுந்து நெடுந்தூரம் ஓடிவிடும். பல மணி நேரம் விட்டுத் தொடங்குவதே முறை. பின்னர் அகன்ற கழுத்துப்பட்டையில் நீள்வாரை மாட்டி நாயைத் தடத்தில் விடுகிறார். குருதியோ மயிரோ கண்ட இடத்தில் நாய் நின்று மூக்கால் சுட்டிக்காட்ட வேண்டும். தடம் அறுந்தால் அவசரப்படாமல் வளைந்து சுற்றி அதை மீட்க வேண்டும். இத்தகைய நேரத்தில் மனிதர் தம் ஊகத்தால் நாயைத் திசைதிருப்புவதே பெரும்பாலான தேடல்கள் கெடுவதற்குக் காரணம்.

நாயினங்களின் தரமும் நிலத்தை ஒட்டி அமைந்தது. ஹனோவர் நாயின் ஆண் 50 முதல் 55 செ.மீ. உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் உடையது; ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளுக்கு அது கனமாக இருந்ததால், 1870ஐ ஒட்டிய காலத்தில் பிரபு கார்க்-பேபன்பர்க் ரைஷன்ஹால் பகுதியில் அதைச் செந்நிற மலைநாய்களோடு கலந்து இலகுவான பவேரிய மலை நாயை உருவாக்கினார். அதற்கான சங்கம் 1912இல் மியூனிக்கில் அமைந்தது. குட்டைக் கால்களுடைய ஆல்பைன் டாக்ஸ்பிராக்கே மூன்றாவது இனம்.

தேர்வுகளில் இரு படிநிலைகள் கவனத்துக்குரியவை. 1899இல் தோன்றிய ஜெர்மன் வேட்டைநாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் குருதித்தடத் தேர்வில், தடம் குறைந்தது 1000 மீட்டர் நீள்கிறது. கால் லிட்டருக்கு மிகாத குருதியுடன் இடப்பட்டு, 20 அல்லது 40 மணி நேரம் ஊறுகிறது. தடக்காலணித் தேர்வில் குருதி 100 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது. வழி பயிற்றுநருக்குத் தெரியாது, நடுவர்களுக்கு மட்டுமே தெரியும். தடம் தவறிய நாயை இருமுறை திரும்ப அழைக்கலாம், மூன்றாவது முறை தேர்வு முடிந்துவிடும். ஹிர்ஷ்மன் சங்கத்தின் முதன்மைத் தேர்வோ உண்மையில் காயம்பட்ட விலங்கின் தடத்திலேயே நடக்கிறது. அங்கே வழி நடுவருக்கும் தெரியாது. தக்க நேர்வு அமையும்வரை காத்திருக்க வேண்டும். படுத்திருந்த மான் எழுந்து ஓடினால் வார் அவிழ்க்கப்படுகிறது. அதுவரை மௌனமாக நடந்த நாய் இப்போது துரத்திச் சென்று, மானை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் கொம்புக்கு எட்டாத தொலைவில் நின்று, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை இடைவிடாமல் குரைக்க வேண்டும். செயற்கைத் தடத்தில் சோதிக்கவே முடியாத திறன் இது.