பாறை விளிம்பில் ஒற்றை முட்டை

கில்லிமாட் பறவை கூடு கட்டுவதில்லை. வடகடலோரச் செங்குத்துப் பாறையில், ஒரு சாண் அகலம்கூட இல்லாத விளிம்பில், வெறுங்கல்லின் மேல் ஒரே ஒரு முட்டை இடும். ஒரு முனை கூம்பிய அந்த முட்டையைக் கால்களுக்கு இடையில் அணைத்தபடி தாயும் தந்தையும் முறைவைத்துக் காக்கும். பறவை நிதானமாக எழுந்தால் முட்டைக்கு ஆபத்தில்லை. திடுக்கிட்டுப் பறந்தால் முட்டை உருண்டு கீழே விழலாம். விழாவிட்டாலும் பக்கத்தில் காத்திருக்கும் கடற்காகம் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

ஆர்க்டிக் பகுதிக்கு வழிகாட்டியுடன் செல்லும் பறவைப் புகைப்படப் பயணங்களை எடைபோட இந்த முட்டையிலிருந்து தொடங்குவதுதான் முறை. விளம்பரங்கள் படத்திலிருந்து தொடங்குகின்றன: பனித்தூவலுக்கு நடுவே ஒரு பஃபின், கருநீலத் தண்ணீரில் ஆரஞ்சு நெற்றிப் புடைப்போடு ஒரு கிங் ஈடர் வாத்து. அந்தப் படத்துக்கும் முட்டைக்கும் நடுவில் நிற்பவர்தான் வழிகாட்டி. சம்பளம் கொடுப்பவர் படத்தை விரும்பும் வாடிக்கையாளர். முட்டையின் சார்பில் பணம் கட்ட யாரும் இல்லை. இந்தத் தொழிலின் நிறைகளும் குறைகளும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

நிறைகளைப் பார்க்க நார்வேயின் வடகிழக்கு மூலையில் உள்ள வராங்கர் தீபகற்பத்துக்குப் போக வேண்டும். அங்கே வார்டோ என்ற தீவு நகரம் இருக்கிறது. மீன்பிடித் தொழில் சரிந்து, இளைஞர்கள் தெற்கே போய்விட்ட ஊர் அது. துறைமுகத்திலிருந்து சிறு படகில் பத்து நிமிடம் போனால் ஹோர்னோயா தீவு வந்துவிடும். கில்லிமாட், ரேசர்பில், பஃபின், கிட்டிவேக், ஷாக் எனப்படும் நீர்க்காகம் என்று பல்லாயிரம் கடற்பறவைகள் ஒரே மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கூடியிருக்கும். நடைபாதை சரிவின் அடியிலேயே போகிறது. சில ஷாக் கூடுகள் பாதையோரத்திலேயே உள்ளன; நீண்ட லென்ஸ் கூட வேண்டாம். மனிதர்கள் ஒரே பாதையில் வந்து ஒரே பாதையில் திரும்புவதால் பறவைகளுக்கு அவர்களின் நடமாட்டம் பழகிவிட்டிருக்கிறது. படகு நேரம் பயணிகளின் ஆசைக்கும் ஓர் எல்லை வைக்கிறது.

2009-இல் வார்டோவில் தொடங்கப்பட்ட பயோடோப் என்ற கட்டடக்கலை நிறுவனம், பறவை பார்ப்பவர்களுக்கென்றே மரத்தாலான காற்றுத் தடுப்புகளையும் மறைவிடங்களையும் வராங்கர் கரையெங்கும் வடிவமைத்தது. விறைக்க வைக்கும் காற்றில் ஒருவர் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது என்பது சாதாரண வசதியல்ல. உட்கார இடம் இல்லாதவர்தான் பறவையை விரட்டிக்கொண்டு நடப்பார். அதே கடற்கரையில் உள்ள போட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் இந்தச் சிந்தனை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. குளிர்காலக் கடைசியில், விடியுமுன் இருட்டிலேயே புகைப்படக்காரர்களை மிதக்கும் மறைவிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். வெளிச்சம் வரும்போது கிங் ஈடர், ஸ்டெல்லர் ஈடர், நீள்வால் வாத்துகள் தாமாகவே அருகில் வருகின்றன. எவ்வளவு நெருங்கலாம் என்பதை அங்கே பறவைதான் முடிவு செய்கிறது. வழிகாட்டியின் வேலை இருட்டில் கொண்டுவிடுவதோடும் பிறகு கூட்டிக்கொண்டு போவதோடும் முடிகிறது. இந்தத் தொழில் கண்டுபிடித்தவற்றுள் மிகச் சிறந்தது இதுதான்.

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மார்ச் மாதத்தில் வடக்கு நார்வேயின் விடுதிகளில் அறை எடுக்க வேறு யார் வருவார்கள்? பறவைக்காக வருபவர்கள் வருகிறார்கள். ஈடர் கூட்டம் உயிரோடு இருப்பதால் மீனவக் குடும்பம் ஒன்றுக்கு வருமானம் வருகிறது என்றால், அந்தக் கூட்டத்துக்கு உள்ளூரிலேயே ஒரு காவலர் கிடைத்துவிடுகிறார்.

ஆனால் "பறவை பயப்படவே இல்லை, அசையாமல் இருந்தது" என்று திரும்பி வருபவர்கள் சொல்லும் வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கோலின் பீல், பாட் மோனகன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் கல்திருப்பி உள்ளான்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் நம் கோடியக்கரை வரை வரும் பறவை அது. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சில பறவைகளுக்குக் கூடுதல் உணவு வைத்தார்கள், மற்றவற்றுக்கு வைக்கவில்லை. மனிதர் நெருங்கியபோது வயிறு நிறைந்திருந்த பறவைகள்தான் முதலில், தொலைவிலேயே பறந்தன. பசியோடிருந்தவை கடைசிவரை இருந்தன. உணவு தேடுவதை விட்டுப் பறக்க முடியாத பசியில் இருந்ததால் அவை ஓடவில்லை. அசையாத பறவை சம்மதித்த பறவை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முட்டையை விட்டு நகராத பறவைக்கும் இது பொருந்தும் என்று கருதவே இடமிருக்கிறது.

அதே ஆண்டு அதே இருவர், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் முனையில் கிட்டிவேக்குகளையும் கில்லிமாட்டுகளையும் ஆராய்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். பார்வையாளர் எத்தனை பேர், எவ்வளவு நெருக்கத்தில் என்ற இரண்டும் சேர்ந்துதான் கூடுகளின் வெற்றியைக் குறைக்கின்றன என்று கண்டார்கள். "இத்தனை மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள்" என்ற ஒற்றை விதி ஆள் கூடக்கூடப் பலனிழக்கிறது. பல பயணக் குழுக்கள் தூரத்தைப் பற்றி மட்டும் பேசி, ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் விடுவது இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. இரண்டு பேர் நிற்கும் அதே இடத்தில் பன்னிரண்டு கேமரா முக்காலிகள் நின்றால் அது வேறொரு நிகழ்வு.

இந்தத் தொழிலின் இருண்ட பக்கம் இரை வைப்பதுதான். ஆர்க்டிக் துந்திராவில் இனப்பெருக்கம் செய்யும் பனி ஆந்தைகள் குளிர்காலத்தில் கனடாவின் தென்பகுதி வயல்களுக்கு இறங்கி வரும். அங்கே கடையில் வாங்கிய உயிருள்ள எலிகளைப் பனிமேல் விட்டு, ஆந்தை லென்ஸை நோக்கிப் பாய்ந்து வரும் கணத்தைப் படம்பிடிக்கும் வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. சாலையோரத்தில் மனிதரைக் கண்டால் உணவு என்று பழகும் ஆந்தைக்கு வாகனங்களில் அடிபடும் அபாயம் கூடுகிறது. அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் தன் புகைப்படப் போட்டியில் உயிர் இரை வைத்து எடுத்த படங்களை ஏற்பதில்லை. சரியான முடிவு. இரை வைப்பதை ஆதரிப்பவர்கள், தோட்டத்தில் குருவிக்குத் தானியம் வைப்பதிலிருந்து இது எந்த விதத்தில் மாறுபடுகிறது என்று கேட்கிறார்கள். மாறுபடத்தான் செய்கிறது. தானியத் தட்டு அங்கேயே இருக்கும். குருவி தன் நேரத்தில் வந்து போகும். எலியை வீசும் நேரத்தை முடிவு செய்வது ஷட்டரில் விரல் வைத்திருப்பவர்.

ஆகவே எல்லாவற்றையும் வழிகாட்டியின் நல்ல மனதுக்கு விட்டுவிட முடியாது. நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஐந்து நாள் மழையில் ஒன்றும் கிடைக்காத ஒரு குழு ஆறாம் நாள் "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா" என்று கேட்கும்போது, மறுப்பதற்கு அவருக்குத் துணை வேண்டும். அந்தத் துணை சட்டம். ஐஸ்லாந்தில் வெண்வால் கழுகு, ஜிர் வல்லூறு, பனி ஆந்தை, சின்ன ஆக் ஆகியவற்றின் கூட்டருகே படமெடுக்க முன் அனுமதி தேவை. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 15 பறவைச் சரணாலயங்களுக்குள் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை யாரும் போகக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே விதிகள் மேலும் இறுகின: பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கப்பலுக்கு 200 பயணிகள்தான் உச்சவரம்பு, கரையிறங்க 43 இடங்கள் மட்டுமே, கோடையில் குறிப்பிட்ட பறவைப் பாறைகளை ஒட்டி 500 மீட்டருக்குள் வரும் படகு 5 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. ஹின்லோப்பன் நீரிணையில் பல்லாயிரம் ஜோடி தடித்த அலகுக் கில்லிமாட்டுகள் அடைந்திருக்கும் ஆல்க்கெஃபியெல்லெட் போன்ற பாறைகளுக்கு இந்த மெதுவான வேகம் உண்மையான பாதுகாப்பு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இறங்கும் இடங்களைக் குறைத்தால் அந்த 43 இடங்களில் மிதிபடும் பாசியும் மண்ணும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். பெருநிலத்தைக் காக்கச் சில இடங்களைப் பலிகொடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அந்த இடங்களைத் தொடர்ந்து கண்காணித்தால் மட்டுமே இந்தக் கணக்கு நியாயமாகும்.

கலையின் பக்கமும் கேட்க ஒன்று உண்டு. ஒரே மறைவிடம், ஒரே உயரம், ஒரே விடியல் என்றால் படமும் ஒன்றாகத்தானே வரும்? உலகமெங்கும் சுற்றும் கிங் ஈடர் படங்களில் பல, ஒரே கையால் எடுத்தவை போல இருக்கின்றன. பறவைக்கு இது நல்லது. புகைப்படக்காரருக்கு இது ஒரு சவால்; ஆனால் அதைத் தீர்க்கக் கூடுதலாக நெருங்க வேண்டியதில்லை. தொலைவை, காற்றை, கூட்டத்தை, வெறும் பாறையைப் படத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பயிற்சி தருவதாகச் சொல்லும் பயணங்கள் சொல்லித்தர வேண்டியதும் இதைத்தான்.

2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வராங்கரில் கிட்டிவேக்குகளைத் தாக்கியது. கரையெங்கும் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. அத்தகைய கோடையில் பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு ஊருக்கு மாற்றித் தருவார்களா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் பயண ஏற்பாட்டாளர் எந்த விளம்பர வாசகத்தையும் விட நம்பத்தக்கவர். பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எந்த இனங்கள் "உறுதி" என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அதே கிட்டிவேக்கின் இன்னொரு முகம் வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் இருக்கிறது. ஓஸ்லோவிலிருந்து ஸ்வால்பார்டுக்குப் போகும் விமானங்கள் பலவும் தொட்டுச் செல்லும் ஊர் அது. பாறைகளில் எண்ணிக்கை குறைந்துவரும் இந்தப் பறவை, அங்கே கட்டடங்களின் சன்னல் விளிம்புகளில் கூடு கட்டத் தொடங்கியது. எச்சத்தையும் இரைச்சலையும் பொறுக்காத மக்கள் வலை கட்டி விரட்டிப் பார்த்தார்கள். பிறகு அவற்றுக்கென்றே மரத்தில் அடுக்கு விளிம்புகள் வைத்துச் சிறு "கிட்டிவேக் விடுதிகள்" எழுப்பப்பட்டன. கோடையில் குஞ்சுகள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். படமெடுக்கப் படகோ வழிகாட்டியோ வேண்டாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.