பொட்டலக் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடம் ஆற்றுக்குத் திரும்பி, கீழணையைத் தாண்டி, கடலூர் மாவட்டத்தின் குமராட்சி ஒன்றியத்தின் கரையோர ஊர்களுக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அந்த நாட்களில் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. மேட்டூரில் எவ்வளவு திறப்பு, கீழணையிலிருந்து எத்தனை கன அடி, 47.50 அடி கொள்ளும் வீராணம் ஏரியில் இன்றைக்கு எவ்வளவு என்பதெல்லாம் வி.ஏ.ஓ.வின் கைப்பேசியிலும் இருக்கும், டீக்கடைப் பேச்சிலும் இருக்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது, கொள்ளிடத்துத் திட்டு ஊர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஆனால் அந்த ஊர்களின் சனங்களைக் கொண்டுவந்து தங்கவைக்கும் பள்ளிக்கூட முகாமில் வேறொரு கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் ஏற்கனவே எடை குறைந்தவர்கள் யார்? தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தை எத்தனை? ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி யாராவது இருக்கிறாரா? இவற்றுக்கெல்லாம் ஒரே தாளில் பதில் சொல்லும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. விவரம் இல்லாமல் போனதால் வந்த குறை அல்ல இது. விவரம் அத்தனையும் இருந்தும் ஓரிடத்தில் சேராததால் வந்த குறை. பேரிடரில் ஊட்டச்சத்துத் தகவலை நிர்வகிக்கும் நம் முறையின் பலமும் பலவீனமும் இதில் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். குழந்தையின் எடையை மாதாமாதம் நிறுத்து எழுதிவைக்கும் பழக்கத்தில் தமிழ்நாட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மையங்களின் கணக்கு மேலிடத்துக்குப் போனதோடு நிற்காமல் மையத்தின் பலகையிலும் எழுதப்பட்டது. ஊர்ப் பெண்கள் தங்கள் ஊரின் நிலையைத் தாங்களே படித்தார்கள். பிறகு அங்கன்வாடிப் பதிவேடு, கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண்ணோடு கர்ப்பிணிப் பட்டியல், 2021 முதல் போஷன் டிராக்கர் செயலி, கடும் எடைக்குறைவுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க 2022இல் வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் என்று இந்த மரபு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. உலகின் பல பேரிடர்களில் உதவி அமைப்புகள் வெள்ளம் வந்த பிறகுதான் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பெயர் எழுதத் தொடங்குகின்றன. நம் பால்வாடியில் அந்தப் பெயர்கள் மழைக்கு முன்பே இருக்கின்றன. இது சாதாரண செல்வம் அல்ல.

ஆனால் வெள்ளம் வந்ததும் இந்தப் பட்டியல்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. அப்போது வேலை செய்வது வருவாய்த் துறையின் பதிவேடு. குடும்பம் எத்தனை, ஆண், பெண், குழந்தை எத்தனை, காலை மதியம் இரவு எத்தனை பொட்டலம் என்பதே அதன் கேள்விகள். நிவாரணத்தை விரைவாகவும் பாரபட்சம் குறைவாகவும் கொண்டுபோக அது நல்ல பதிவேடுதான். ஆனால் அதில் 'குழந்தை' என்பது ஒரே பத்தி. முலைப்பால் குடிக்கும் மூன்று மாதக் குழந்தையும், மசித்த சோறு தின்னும் ஒன்பது மாதக் குழந்தையும், பள்ளிக்கூடம் போகும் பத்து வயதுப் பிள்ளையும் அந்தப் பத்தியில் ஒன்றுதான். புளிசாதப் பொட்டலம் பத்து வயதுப் பிள்ளையின் பசியை ஆற்றும். ஒன்பது மாதக் குழந்தைக்கு அதில் ஒரு வாய் கூட ஆகாது. இரண்டும் அறிக்கையில் 'உணவு வழங்கப்பட்டது' என்றே ஏறும்.

இந்தக் குறை மேலேயிருந்தே வருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தேசிய ஆணையம் வகுத்த குறைந்தபட்ச நிவாரண நெறிகள், முகாமில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் 1,700 கலோரி என்கின்றன. கைக்குழந்தை நாளைக்கு 1,700 கலோரி உண்பதில்லை. அதற்குத் தேவையானது தாயின் பாலும், அந்தத் தாய்க்கு நல்ல சாப்பாடும், பால் கொடுக்க மறைவான ஓர் இடமும். நெறி எதை எண்ணச் சொல்கிறதோ அதைத்தான் கீழுள்ள அலுவலர் எண்ணுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்கு பிரிந்து கிடப்பதன் விலை என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரிக் கரையெங்கும் உதவிப் பொருள்கள் குவிந்தன. அவற்றில் பால்மாவும் இருந்தது. புதுச்சேரியில் சுனாமி பாதித்த நான்கு கிராமங்களில் சிறு குழந்தைகளுக்கு என்ன ஊட்டப்பட்டது என்று மருத்துவர்கள் விசாரித்து, 2006இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். இலவசமாக வந்த பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்கு, குடிக்காத குழந்தைகளைவிட மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு இருந்தது.

இந்தச் செய்தியைத் தகவல் நிர்வாகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். பால்மாவு டின் வந்து இறங்கியது ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும். அங்கே அது வரவு. வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கும். அங்கே அது நோய். நல்ல தண்ணீர் கிடைக்காத ஊர் எது என்பது மூன்றாவதாக ஓர் அலுவலகத்தில் இருந்திருக்கும். மூன்றையும் அந்த வாரமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்றால், உண்மை இரண்டு வருடம் கழித்து ஆய்விதழில்தான் வெளிவரும். பால்மாவு கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். 1992இன் சட்டம் குழந்தைப் பால்மாவை அநாதை இல்லங்களுக்குத் தவிர யாரும் தானமாகக் கொடுக்கக்கூடாது என்கிறது, ஆனால் சட்டம் மட்டும் போதாது. மனமிரங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வரும் நல்லவரிடம் 'இது வேண்டாம் ஐயா, தாய்மாருக்குப் பயறும் முட்டையும் கொண்டுவாருங்கள்' என்று சொல்ல முகாம் வாசலில் விவரம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும்.

உலக அளவில் இந்தக் குழப்பத்துக்கு விடை தேடித்தான் 2005இல் ஐ.நா. அமைப்புகள் துறைவாரிக் கூட்டமைப்பு முறையைக் கொண்டுவந்தன. ஊட்டச்சத்துக்கு யுனிசெஃப் தலைமை. யார், என்ன, எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று எல்லா அமைப்புகளும் ஒரே அட்டவணையில் எழுத வேண்டும். பிள்ளையின் மேல்கையை நாடாவால் சுற்றி அளந்து, 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் மிதமான மெலிவு, 11.5க்குக் கீழ் என்றால் கடும் மெலிவு என்று எல்லாரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கின் பயன் பெரிது. ஒரே முகாமுக்கு நான்கு அமைப்புகள் போய் அடுத்த முகாமுக்கு யாரும் போகாத கொடுமையை அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் குறைகளும் சிறியவை அல்ல. அட்டவணையை நிரப்புவதே வேலையாகிவிடும் ஆபத்து ஒன்று. நிதி கொடுத்தவருக்கு 'இத்தனை பேரை அடைந்தோம்' என்று சொல்ல உதவும் எண்கள் மேலே ஏறும். அடையாதவர் எத்தனை பேர் என்ற எண் எங்கும் எழுதப்படாது. இன்னொன்று மதிப்பீடு. ஒரு நாள் கணக்கெடுப்பில் கிடைத்த கடும் மெலிவு விகிதத்தை வைத்து வருடம் முழுக்க எத்தனை குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படும் என்று கணிக்க, அதை 2.6ஆல் பெருக்குவது நீண்டகால வழக்கம். அந்தப் பெருக்கெண் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் அட்டவணையில் ஏறிவிட்ட எண்ணுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இத்தகைய ஒருங்கிணைப்பு நம் கரையிலும் நடந்தது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் 2005 ஜனவரியில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மீனவர் சங்கக் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் முன்னின்ற அந்த மையம், எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை ஊர்வாரியாகத் திரட்டியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று காட்டிய முன்மாதிரி அது. ஆனால் சுனாமி நிவாரணம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், பட்டியல் எந்த வாசல் வழியாக வந்ததோ அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் விடுபட்டார்கள். மீனவர் பஞ்சாயத்து வழியே வந்த பட்டியல்களில் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்களும், கரையை ஒட்டிய தலித் கூலிக் குடும்பங்களும் தொடக்கத்தில் இடம்பெறத் தவித்தன. படகு இழந்தவர் எண்ணப்பட்டார். கையால் இறால் தடவிப் பிழைத்தவர் எண்ணப்படவில்லை. மெலிந்த பிள்ளைகள் அதிகம் இருக்கக்கூடிய வீடுகள் எவையோ அவையே பட்டியலுக்கு வெளியே நின்றன என்பதுதான் இதில் வேதனை.

மக்கள்தொகை எண்ணே பிழையானால் என்ன ஆகும் என்பதை வன்னியைவிடக் கொடூரமாகச் சொல்லும் உதாரணம் தமிழருக்கு வேறில்லை. 2009 பிப்ரவரியில் போர்ப் பகுதியில் சிக்கியிருப்போர் சுமார் 70,000 பேர் என்றது இலங்கை அரசு. உள்ளே இருந்த அரசு அதிகாரிகளின் கணக்கோ மூன்று லட்சத்துக்கு மேல். கடைசியில் வெளியேறி முகாம்களுக்கு வந்தவர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அரசு தெரிந்தே எண்ணைக் குறைத்தது என்றும், அந்தக் குறைந்த எண்ணின்படியே உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. நாடா, செயலி, அட்டவணை எதுவும் அங்கே உதவியிருக்காது. தலைகளை நேர்மையாக எண்ணுவதே ஊட்டச்சத்துத் தகவலின் முதல் படி.

குமராட்சியில் எண்ணை மறைக்கும் போர் எதுவும் இல்லை. இங்கே தடை வேறு. வெள்ள நிவாரணம் வட்டம், குறுவட்டம் என்ற வருவாய் எல்லையில் ஓடுகிறது. அங்கன்வாடி ஒன்றிய எல்லையில் ஓடுகிறது. செவிலியரின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய எல்லையில் நிற்கிறது. மூன்று எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. போஷன் டிராக்கரிலோ குழந்தை தன் சொந்த மையத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. முகாம் வேறு ஊர்ப் பள்ளியில் இருக்கிறது. கரண்டும் டவரும் போன நாளில் செயலி திறக்காது. வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகம் பார்த்து உறுதி செய்யும் முறையை 2025இல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். முறைகேட்டைத் தடுக்க அது உதவலாம். இடுப்பளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்த தாயிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. முகாம் நாட்களுக்கு அந்த விதி தானாகவே தளர வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை காலத்தில் இருக்கிறது. முகாம் மூடியதும் நிவாரண அறிக்கையும் முடிகிறது. பிள்ளை மெலிவது அதற்குப் பிறகுதான். வயல் மூழ்கியதால் நடவு வேலையும் களை எடுப்பும் இல்லை, அடுப்படி ஈரம், கைபம்புத் தண்ணீர் கலங்கல், வயிற்றுப்போக்கு. சாதாரண நாளிலேயே தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. வெள்ளத்துக்குப் பிந்திய மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் கரையோர மையங்களில் மட்டும் எடையும் கைச்சுற்றளவும் பார்த்து, வெள்ளத்துக்கு முந்தைய எடையோடு ஒப்பிட்டால் போதும். பழைய எடை கையில் இருக்கும் மாநிலம் இது. வேறு பல இடங்களில் இல்லாத வசதியைப் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

செய்யவேண்டியது புதிய செயலி அல்ல. மேட்டூரில் மதகு திறந்த அன்றே, கரையோர ஊர் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் உட்கார்ந்து, தங்கள் பட்டியல்களிலிருந்து ஒரு பக்கத் தாளில் நான்கு பிரிவினரைப் பெயரோடு எடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவர்கள், எடை குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். பதிவேட்டில் இல்லாத செங்கல் சூளைக் குடும்பம், வாத்து மேய்க்க வந்த குடும்பம் என்று கடைசியில் நாலு வரி காலியாக விட வேண்டும். அந்தத் தாள் முகாமுக்கு வர வேண்டும். தாசில்தாரின் தினசரி அறிக்கையில் இந்த நான்கு எண்ணுக்கும் தனிப் பத்தி வேண்டும். பெயர்கள் பணியாளரோடும் செவிலியரோடும் நிற்கட்டும், எண்கள் மட்டும் மேலே போகட்டும். மெலிந்த பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவது அந்தத் தாய்க்குச் செய்யும் அவமானம். பணியாளருக்கு இது கூடுதல் வேலைதான். அதனால் அந்த வாரம் அவரிடம் கேட்கும் மற்றப் பதிவுகளை நிறுத்திவைப்பதே நேர்மை.

கொள்ளிடத்தில் வெள்ளம் அடிக்கடி ஆகஸ்டில் வருகிறது. ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. கரையோர ஊர்க்காரர்கள் அன்று படகு, கரை, மணல்மூட்டை பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: நம் ஊரில் இரண்டு வயது நிறையாத பிள்ளைகள் எத்தனை, தண்ணீர் வந்தால் அவர்களுக்கு என்ன சாப்பாடு, அதை யார் பொறுப்பேற்றுக் கொண்டுவருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.